ரோசாப்பூ துரை: பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பின் வாழ்வும் விடுதலையின் பொருளும்

கோரிப்பாளையம் தர்காவைக் கடந்து, ஏ.வி. பாலத்தின் வழியே வையையின் தென்கரைக்கு வருவோரை முதலில் எதிர்கொள்வது யானைக்கல். அதற்கு அடுத்தது சிம்மக்கல். கல்லால் ஆன யானையும் கல்லால் ஆன சிங்கமும் பெயர் தந்த இவ்விரு பகுதிகளும் மதுரை மாநகரின் வடவாயில் போல் அமைந்தவை. சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்திற்குச் செல்லும் நம் மாணவச் செல்வங்கள் நாள்தோறும் நடந்து செல்லும் வழி இது. இவ்வழியில் யானைக்கல்லில் ஒரு சிலை நிற்கிறது. பேருந்தின் இரைச்சலும் வணிகர்தம் கூவலும் சூழ நிற்கும் அச்சிலைக்கு உரியவர் யார் என்று வினவினால், நம்முள் பலர் விடையறியாது விழிப்போம். ஆனால், உசிலம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் முதியவரைக் கேட்டால், அவர் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்வார். அப்பெயர் ரோசாப்பூ துரை என்பது.

விடுதலை என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் விடுபடுதல் என்ற பொருளிலேயே கொள்கிறோம். தளை நீங்கியது, தடை அகன்றது, இனி நம் விருப்பம்போல் நடக்கலாம் என்பதே பலரும் கொண்டுள்ள எண்ணம். தளை நீங்கிய கைகள் அடுத்து எதனைச் செய்ய வேண்டும் என்னும் வினாவை நாம் எழுப்புவதே இல்லை. அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பி, அதற்குத் தம் செயலாலேயே விடை கண்டவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அவர்தம் வாழ்வைச் சுருக்கமாக எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஜார்ஜ் ஜோசப் 1887-ஆம் ஆண்டு, அந்நாளைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த செங்ஙன்னூரில், சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இந்திய இதழியல் வரலாற்றில் பெரும் புகழ் பெற்ற போத்தன் ஜோசப் இவருடைய இளவல். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ஜோசப், பின்னர்க் கடல் கடந்து எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். அதன்பின் இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். 1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார்.

அந்நாளில் பாரிஸ்டர் பட்டம் என்பது செல்வத்தின் திறவுகோல். இலண்டன் சென்று திரும்பியவருக்கு அரசுப் பதவியும், பெரும் நிலக்கிழார்களின் வழக்குகளும், ஆங்கிலேயர் கூடும் மன்றங்களில் மதிப்பும் காத்திருந்தன. அடிமை நாட்டில் ஓர் இந்தியர் எட்டக்கூடிய தனிமனித விடுதலையின் உச்சம் அது எனலாம். பசி இல்லை, அச்சம் இல்லை, யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டிய நிலை இல்லை. அந்த உச்சியில் நின்ற ஜோசப், அங்கேயே அமர்ந்துவிடாமல் கீழே இறங்கி வந்தார். அவர் பெருமை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மதுரைக்கு வருகை

சென்னையில் தொழிலைத் தொடங்கிய ஜோசப் பின்னர் மதுரைக்குக் குடிபெயர்ந்தார். துணைவியார் சூசன்னாவுடன் அவர் அமைத்த இல்லம், நாளடைவில் தேசத் தலைவர்கள் தங்கிச் செல்லும் இல்லமாயிற்று. காந்தியடிகள், இராஜாஜி முதலியோர் மதுரைக்கு வந்தபோது அவ்வில்லத்தின் விருந்தோம்பலைப் பெற்றனர்.

முதல் உலகப்போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கம் நாடெங்கும் பரவியது. அவ்வியக்கத்தின் குரலை இங்கிலாந்து மக்களிடம் நேரில் எடுத்துரைக்கச் சையது உசேன், பி.வி. நரசிம்மன் ஆகியோருடன் ஜோசப்பும் கப்பலேறினார். ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் ஒரு கிறித்தவரும் ஒரே கோரிக்கையைச் சுமந்து ஒரே கப்பலில் சென்ற அக்காட்சி எண்ணி மகிழத்தக்கது. ஆயின், கப்பல் ஜிப்ரால்டரை அடைந்தபோது மூவரும் தடுத்து நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். தன்னாட்சி வேண்டும் என்று கேட்கச் செல்வதற்குக்கூட ஆள்வோரின் ஒப்புதல் வேண்டியிருந்த காலம் அது.

மதுரை திரும்பிய ஜோசப் பஞ்சாலைத் தொழிலாளர்களைச் சங்கமாக ஒன்றுதிரட்டும் பணியில் ஈடுபட்டார். தொழிலாளர் சிலகாலம் கூடுதல் கூலியும் வேலைநேரக் குறைப்பும் பெற்றனர். ஆலை நிர்வாகத்தின் எதிர்ப்பும் அரசின் எதிர்ப்பும் சேர்ந்து அச்சங்கத்தை நிலைக்கவிடவில்லை. 1919-ஆம் ஆண்டு ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் எழுந்தபோது, மதுரையில் அதனை முன்னின்று நடத்தியவரும் இவரே. விசாரணையின்றி ஒருவரைச் சிறையிலடைக்க வழிசெய்த சட்டம் அது. அதனினும் கொடிய சட்டமொன்று மதுரையின் மேற்கே சில கல் தொலைவிலேயே நடைமுறையில் இருந்தது.

ரேகைச் சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஏடுகளிலும், ரேகைச் சட்டம் என்று மக்கள் நாவிலும் வழங்கிய சட்டத்தையே இங்குக் குறிப்பிடுகிறோம். 1871-ஆம் ஆண்டு வட இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட இச்சட்டம், 1911-ஆம் ஆண்டின் புதிய வடிவத்தில் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1914-ஆம் ஆண்டு மதுரையை அடுத்த கீழக்குயில்குடி கள்ளர்கள்மீது அது பாய்ந்தது. 1918-ஆம் ஆண்டளவில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுமைக்கும் விரிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் கொடுமையை இன்றைய மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஒருவர் திருடினார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்திருந்தால் போதும். அவர்தம் விரல் ரேகை பதிவேட்டில் ஏறும். வயது வந்த ஆண்கள் இரவானதும் போலீஸ் கச்சேரியிலோ, குறித்துவிட்ட பொது இடத்திலோ சென்று படுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்ல வேண்டுமெனில் ராதாரிச் சீட்டு என்னும் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இவற்றுள் எது தவறினாலும் அதுவே குற்றம், அதற்கே சிறை.

இதில் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இச்சட்டத்தை இயற்றியோர், பொறுப்பற்ற மக்களைப் பொறுப்புள்ளவர்களாக மாற்றவே இதனைச் செய்கிறோம் என்றனர். ஆனால் விளைந்தது என்ன? இரவெல்லாம் கச்சேரியில் கிடக்கும் தந்தை, நோயுற்ற தன் குழந்தையின் அருகிருக்க இயலாது. விளைந்த கதிருக்குக் காவல் இருக்க இயலாது. மனைவியின் பேறுகாலத்தில் மருத்துவச்சியை அழைத்துவர இயலாது. பொறுப்பைக் கற்பிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டம், ஒரு மனிதன் தன் குடும்பத்திற்கும் ஊருக்கும் ஆற்ற வேண்டிய பொறுப்புகளையெல்லாம் அவனிடமிருந்து பறித்துக்கொண்டது.

பூட்டிய அறைக்குள் இருப்பவன் திருடவில்லை என்பதால் அவனை நேர்மையாளன் என்று கூற முடியுமா? திருடக்கூடிய நிலையில் இருந்தும் திருடாதவனே நேர்மையாளன். விடுதலை இல்லாத இடத்தில் அறமும் இல்லை. அறத்தின்பாற்பட்ட பொறுப்பும் இல்லை. விடுதலையும் பொறுப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றொன்றை வளர்க்க எவராலும் இயலாது. தத்துவம் கற்ற ஜோசப் நூல்களில் படித்த உண்மைதான் இது. ஆயினும், உசிலம்பட்டிச் சீமையின் மக்கள் அவர்தம் இல்லத்து வாயிலில் வந்து நின்றபோது, அது அவர் முன் கண்ணீரும் வியர்வையுமாய் நின்றது.

பெருங்காமநல்லூர்

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்துத் திரண்டு நின்றனர். போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் உயிர் நீத்தனர். பலர் கைது செய்யப்பட்டு வழக்குகளில் சிக்கவைக்கப்பட்டனர். முந்தைய ஆண்டில் அமிர்தசரஸில் நிகழ்ந்த படுகொலையை நாடறியும். பெருங்காமநல்லூரைப் பல்லாண்டுகள் நாடு அறியவில்லை. இன்று அதனைத் தென்னகத்தின் ஜாலியன்வாலாபாக் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். அவ்வூரில் நினைவுத்தூணும் நிற்கிறது.

அன்றைய சூழலில் அம்மக்களுக்காக நீதிமன்றப் படியேறுவது எளிய செயலன்று. அவர்களிடம் வழக்கறிஞருக்குத் தரப் பொருளில்லை. அவர்களுக்காக வாதாடுவோருக்கு ஆள்வோரின் பகை உறுதி. நகரத்துப் பெருமக்களின் ஏளனமும் உண்டு. இவற்றையெல்லாம் பொருட்படுத்தாது ஜோசப் அவர்தம் வழக்குகளை ஏற்று வாதாடினார். ரேகைச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குகள் பலவற்றில் நீதிமன்றத்தில் நின்றார். அச்சட்டத்தின் முறைகேட்டை நாளிதழ்களில் எழுதிக் கற்றோர் கண்ணைத் திறக்க முயன்றார். கோட்டில் ரோசாப்பூ அணிந்து நீதிமன்றத்திற்கு வரும் அந்தப் பாரிஸ்டரை மக்கள் ரோசாப்பூ துரை என்று அழைத்தனர். துரை என்ற சொல் அதுவரை அவர்களுக்கு அச்சம் தந்த சொல். ஜோசப்பால் அது அன்பின் சொல்லாயிற்று. அவர் நினைவாகத் தம் குழந்தைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிட்ட குடும்பங்களும் உண்டு. பட்டமளிப்பு மண்டபத்தில் பெறும் பட்டத்தினும் இப்பட்டம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

தொழில் துறந்தார், சிறை புகுந்தார்

ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, நீதிமன்றங்களைப் புறக்கணிக்குமாறு வழக்கறிஞர்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. வருவாய் மிக்க தொழிலை ஜோசப் துறந்தார். மோதிலால் நேரு அலகாபாத்தில் தொடங்கியிருந்த இண்டிபெண்டன்ட் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று வடநாடு சென்றார். அவ்விதழின் முதல் ஆசிரியராக விளங்கியவர், அவருடன் முன்பு கப்பலேறிய சையது உசேன் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1921-ஆம் ஆண்டின் இறுதியில் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு ஜோசப் சிறை புகுந்தார். லக்னோ சிறையில் ஜவாஹர்லால் நேரு, மகாதேவ தேசாய் முதலியோர் அவருடன் இருந்தனர். விடுதலையான பின், 1923-இல், காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்த காலத்தில், யங் இந்தியா இதழின் ஆசிரியப் பணியை ஏற்று நடத்தினார்.

பிறர் விடுதலைக்காகத் தம் விடுதலையை ஒருவர் விரும்பிக் கையளிப்பது வியப்புக்குரியது. கச்சேரியில் படுக்க வைக்கப்பட்ட கள்ளர் நாட்டு உழவரும், லக்னோ சிறையில் படுத்த பாரிஸ்டரும் ஒருவகையில் ஒரே நிலையினர். இருவருக்கும் கதவு பூட்டப்பட்டிருந்தது. ஆயினும் முன்னவர்மீது அது திணிக்கப்பட்டது. பின்னவர் அதனைத் தாமே தேர்ந்துகொண்டார். அவ்வாறு தேர்ந்துகொள்ளும் உரிமை முன்னவருக்கும் வேண்டும் என்பதே ஜோசப்பின் போராட்டம்.

வைக்கம் எழுப்பிய வினா

1924-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாது என்ற தடையை நீக்குவதே அதன் நோக்கம். டி.கே. மாதவன், கே.பி. கேசவமேனன் முதலிய தலைவர்கள் கைதானதும், தலைமைப் பொறுப்பை ஜோசப் ஏற்றார். சில நாள்களிலேயே அவரும் கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். கைதாகும் முன் அவரும் தோழரும் விடுத்த அழைப்பை ஏற்றே பெரியார் ஈ.வெ.ரா. வைக்கம் வந்தார் என்பது தமிழர் அறிந்த வரலாறு.

இப்போராட்டத்தில் காந்தியடிகளுக்கும் ஜோசப்புக்கும் கருத்து வேறுபாடு ஒன்று தோன்றியது. தீண்டாமை இந்து சமயத்தாரின் பாவம்; அதற்குக் கழுவாய் தேட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது; ஆதலால் பிற சமயத்தவர் முன்னிற்றல் தகாது என்பது அண்ணலின் எண்ணம். தெரு பொதுவானது, அதில் நடப்பது குடிமகன் ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை, அவ்வுரிமை ஒருவருக்கு மறுக்கப்படின் அதனைக் கேட்கும் பொறுப்பு அனைவர்க்கும் உண்டு என்பது ஜோசப்பின் எண்ணம்.

இருவர் கருத்திலும் உண்மை உண்டு. தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்ட வேண்டும் என்பது அண்ணலின் நெறி. பிறர் வந்து கூட்டினால் வீட்டாரின் மனம் திருந்தாமற்போகலாம், பகையும் மூளலாம். சமயங்கள் பல வாழும் நாட்டில் இந்த எச்சரிக்கையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும், தெருவில் நிறுத்தப்பட்ட மனிதனின் பக்கம் நின்று பார்த்தால் ஜோசப்பின் வழக்கே வலியதாகத் தோன்றுகிறது. தன் உரிமையைக் கேட்க வருபவர் எந்தச் சமயத்தார் என்று அவன் கேட்கப்போவதில்லை. கள்ளர் நாட்டில் ஜோசப் வாதாடியபோதும் அம்மக்களின் சமயம் வேறு, மொழி வேறு, பிறந்த மண்ணும் வேறு. நமக்கென்ன என்று அவர் இருந்திருப்பின், யானைக்கல்லில் இன்று அச்சிலை இருந்திராது. சிறுபான்மைச் சமூகத்தின் கல்வி நிறுவனத்தில் பயிலும் நாம் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் உரிமைக்குப் பிறர் குரல் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், பிறர் உரிமை பறிபோகும்போது அவருக்காகக் குரல் கொடுக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

இறுதி ஆண்டுகள்

வைக்கத்திற்குப் பின் ஜோசப் மதுரையில் மீண்டும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். காங்கிரசோடு அவர்கொண்ட உறவில் இடைவெளியும் நேர்ந்தது. எனினும், தேவைப்பட்டோருக்குத் தோள்கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. 1933-ஆம் ஆண்டு விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இளைஞர் காமராசர் சிக்கவைக்கப்பட்டபோது, டாக்டர் வரதராஜுலு நாயுடுவுடன் சேர்ந்து ஜோசப் வாதாடினார். குற்றச்சாட்டு நில்லாது போயிற்று. பின்னாளில் தமிழகத்தின் சிற்றூர்தோறும் பள்ளி திறந்த முதலமைச்சரை நாட்டிற்குக் காத்துத் தந்த பெருமையில் இப்பாரிஸ்டருக்கும் பங்குண்டு.

1937-இல் மத்திய சட்டமன்றத்திற்கு அவர் காங்கிரஸ் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயின் உடல் ஒத்துழைக்கவில்லை. 1938-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் மதுரையிலேயே அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுதான்.

அவர் மறைந்தபோது ரேகைச் சட்டம் நடைமுறையிலேயே இருந்தது. முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம் முதலியோர் தொடர்ந்து போராடினர். 1947-ஆம் ஆண்டுதான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்கியது 1952-இல். தாம் நட்ட மரத்தின் நிழலில் ஜோசப் ஒரு நாளும் அமரவில்லை. வெற்றி காண்போம் என்ற உறுதி இருந்தால்தான் பொறுப்பேற்போம் என்பார்க்கு அவர் வாழ்வு விடை கூறுகிறது.

நாம் கொள்ளத்தக்கது

ஜோசப்பின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. ஒருவரின் குற்றத்திற்கு அவர் பிறந்த சமூகம் முழுவதையும் பொறுப்பாக்குதல் அநீதி என்பது முதலாவது. குற்றம் செய்தவரையே சேரும், குலத்தைச் சேராது. ரேகைச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கிவிட்டது. அச்சட்டத்தைப் பெற்றெடுத்த மனப்பான்மை நீங்கிவிட்டதா? ஓர் ஊரின் பெயரைக் கேட்டதும், ஒரு சாதியின் பெயரைக் கேட்டதும், ஒரு சமயத்தாரின் பெயரைக் கேட்டதும், இவர் இப்படித்தான் இருப்பார் என்று முடிவு கட்டும்போதெல்லாம் நாம் அப்பழைய பதிவேட்டைத் திறந்து ஒருவரின் ரேகையைப் பதிகிறோம். பிறர் நம்மை அவ்வாறு பதிவதைக் கண்டு வருந்தும் நாம், நம் கையிலும் அத்தகைய பதிவேடு ஒன்று உண்டா என்று பார்த்தல் நலம்.

நாம் பெற்ற விடுதலை பிறருக்கு நாம் பட்ட கடன் என்பது இரண்டாவது. நம் அரசியல் சட்டம் 1950-இல் அடிப்படை உரிமைகளுடன் நடைமுறைக்கு வந்தது. அடிப்படைக் கடமைகள் 1976-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. உரிமை முந்தியும் கடமை பிந்தியும் ஏட்டில் ஏறின. நல்லோர் வாழ்விலோ இரண்டும் ஒரே நாளில் பிறக்கின்றன. ஜோசப் இலண்டனில் பெற்ற சட்ட அறிவு அவருக்குக் கிடைத்த உரிமை. அதனைச் சட்டம் அறியாதாரின் வாயிலுக்குக் கொண்டு சென்றது அவர் ஏற்ற கடமை.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லங்களில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் நீங்களாகவே இருக்கலாம். தந்தையின் கடை வருவாயும், தாயின் சிக்கனமும், சமுதாயப் பெரியோரின் நன்கொடையும் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்துள்ளன. மூன்றாண்டுகளில் நீங்கள் பெறும் பட்டம் உங்களைப் பல தளைகளிலிருந்து விடுவிக்கும். அன்று உங்கள் தெருவில் ஒரு மனுவை எழுதத் தெரியாமல் நிற்கும் முதியவர் ஒருவர் இருப்பார். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய சிறுவன் ஒருவன் இருப்பான். உங்கள் விடுதலையின் பயன் அவர்களுக்கு எட்டுமாறு செய்தல் உங்கள் பொறுப்பு.

அடுத்த முறை சிம்மக்கல் நூலகத்திற்குச் செல்லும் வழியில் யானைக்கல்லில் ஒரு கணம் நில்லுங்கள். அச்சிலையை நிமிர்ந்து நோக்குங்கள். அருகில் நிற்கும் தோழர் அவர் யார் என்று வினவினால், ரோசாப்பூ துரை என்று கூறி, அவர்தம் வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். பொறுப்பின் முதற்படியாக அதுவே அமையட்டும்.